ஏலக்கிப் பழ ரசாயனமும் எங்கள் வீட்டு வாண்டுகளும்

குழந்தைகளைச் சமையலறைக்குள் கூட்டிவர நினைக்கிற எல்லோரிடமும் நான் சலிக்காமல் சொல்லி வருவது இதுதான்: ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்குங்கள், கொஞ்சம் வெல்லம் எடுத்து வையுங்கள், கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இந்த ஊர் எங்களுக்குக் கொடுத்ததில் எது உசத்தி என்று கேட்டால், சில்லென்ற காலை நேரங்களையும் நிழல் கவிந்த சாலைகளையும் தள்ளி வைத்துவிட்டு, ‘பாளெஹண்ணு ரசாயன’ என்றுதான் சொல்வேன். வாழைப்பழம், வெல்லம், தேங்காய், ஏலக்காய். அவ்வளவுதான் சாமான். நெருப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பதம் பார்க்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை ஏறக்குறைய எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து, தட்டில் போட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்கு நீட்டலாம். இப்படி ஒரு பண்டம் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு அஜ்ஜி. உடுப்பிப் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டில் எந்தப் பூஜையானாலும் நைவேத்தியத்தில் ரசாயன இருக்கும். பூஜை முடிந்ததும் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சில நாள் வெறும் பழமும் வெல்லமும் தேங்காய்த் துருவலும். சில நாள் தேங்காய்ப் பால் விட்டு, மேலே வறுத்த எள் தூவி, கூடவே ஊறவைத்த அவல். தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் அவர்கள் ஊரில் இதுதான். தோசையும் வாழைப்பழமுமா என்று யோசிக்கிறவர்கள் ஒரே ஒரு முறை, முறுகாத மெத்து தோசையோடு தேங்காய்ப் பால் ரசாயன சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாதாடுவதற்கு நான் அதற்கப்புறம் வருகிறேன்.

இந்த ஊரில் அடுப்பில்லாத பண்டங்களுக்கென்றே ஒரு திருநாள் இருக்கிறது. ராமநவமி. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கொடுப்பார்கள். சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராம சேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் ராமநவமி இசை விழாவும் அந்த நாட்களில்தான். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும் பருவம். ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை என்று கையில் ஒரு தொன்னைக் கோசம்பரி. இன்னொரு கையில் சுக்கும் ஏலமும் மணக்கும் பானகம். எதுவும் அடுப்பைப் பார்த்ததில்லை. குழந்தைகளுக்கு இது புரிந்துவிடுகிறது, நாம் விளக்கவே வேண்டாம். ‘இதை நாமளே செய்யலாமாம்மா?’ என்று என் மகள் கேட்டது அப்படியொரு பந்தலில்தான்.

செய்யலாம். ஆனால் வேலை வீட்டில் தொடங்குவதில்லை, கடைவீதியில் தொடங்குகிறது. அந்தப் பாதியைக் குழந்தைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு வாய்த்தது பசவனகுடி காந்தி பஜார். பூக்குவியல், வாழையிலைக் கட்டு, பழத்தட்டு என்று மூக்குக்கே திருவிழா. நம் ஊரில் வாழைப்பழத்தைச் சீப்பாக, எண்ணிக்கையாக வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே தராசில் நிறுத்துக் கிலோக் கணக்கில் விற்பது முதலில் வேடிக்கையாக இருக்கும். ஏலக்கி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ‘புட்டபாளே’ என்றும் பேர் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது, தோல் காகிதம் போல மெலிசு, உள்ளே சதை கெட்டி. நான்கு வயதுப் பிள்ளையின் கை அளவுக்கென்றே விளைந்தது மாதிரி இருக்கும். பச்சைப்பழமோ மற்ற பெரிய ரகங்களோ பிள்ளைகள் பிசைந்தால் கூழாகிவிடும். ஏலக்கி வெட்டினால் வெட்டிய வில்லையாகவே நிற்கும். ரசாயனத்துக்கு இதை விட்டால் வேறு பழம் இல்லை என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். மைசூருக்குத் தெற்கே நஞ்சன்கூட்டில் விளைகிற ரசபாளே கிடைத்தால் மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். புவிசார் குறியீடு வாங்கிய பழம். வாடல் நோய் தாக்கியதில் சாகுபடி வெகுவாகச் சுருங்கிவிட்டது. கண்ணில் பட்டால் விலை கேட்காமல் வாங்குங்கள்.

பழம் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன். தோலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா, காம்போரம் பச்சை போயிருக்கிறதா, மூக்கருகே கொண்டுபோனால் வாசனை அடிக்கிறதா. மஞ்சளாகப் பளபளத்தும் மணமே இல்லையென்றால் அவர்களே உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை. எத்திலீன் வாயு விட்ட அறையில் பழுக்கவைக்க அனுமதி உண்டு; அந்த எத்திலீன் பழமே தன்னிலிருந்து விடுகிற வாயுதான். இதை வீட்டில் காட்டிவிடலாம். பச்சை மாறாத இரண்டு காயைப் பழுத்த பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் சுருட்டி வைத்தால், வெளியில் கிடக்கிற காயைவிட முந்திப் பழுக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் முதலில் போய்ப் பார்ப்பது அந்தப் பையைத்தான்.

காந்தி பஜார் போக முடியாத நாளில் ஹாப்காம்ஸ் கடை இருக்கவே இருக்கிறது. ஊர் முழுக்கக் கிளை. திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாக 1959இல் தொடங்கியது, டாக்டர் எம்.எச். மரிகவுடாவின் முயற்சி. விவசாயியிடம் நேரே வாங்கி விற்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் தவறுவதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: வரமகாலட்சுமி விரதம், விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் ஏலக்கி விலை மளமளவென்று ஏறிவிடும். அந்த வாரம் கர்பூஜா வாங்கிவிடுவது உத்தமம். அதைப் பற்றிப் பிறகு.

வெல்லம் மண்டியா வெல்லமாக இருந்தால் பாக்கியம். கரும்புக் காட்டு நடுவில் ஆலை ஓடுகிற சீமை அது. அச்சு வெல்லத்தைத் துணியில் சுற்றிக் குழவியால் தட்டுவது பக்கத்து வீட்டு நான்கு வயதுக்காரனின் உத்தியோகம். தட்டுகிற சத்தமே அவனுக்குச் சம்பளம். வெல்லத்தில் மண், தூசி இருக்கும் என்பதால் மற்றப் பலகாரத்துக்கெல்லாம் கரைத்து வடிகட்டுவோம். ரசாயனத்தில் கரைத்து ஊற்றினால் அதன் அழகே போய்விடும்; ஆகவே சுத்தமான வெல்லமாகப் பார்த்து வாங்கி, தட்டிய தூளைச் சல்லடையில் சலித்துக்கொண்டால் போதும்.

இனி செய்முறை. அளவு என்று பெரிதாக ஒன்றுமில்லை; ஆனாலும் முதல் தடவைக்கு ஒரு கைப்பிடிப்பு வேண்டும் அல்லவா. ஏலக்கிப் பழம் எட்டு, வெல்லத்தூள் மூன்று மேஜைக்கரண்டி, தேங்காய்த் துருவல் அரை கப், ஏலக்காய் இரண்டு, எலுமிச்சைச் சாறு சில சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை. நான்கு பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். தேங்காய் துருவுவது மட்டும் பெரியவர்கள் வேலை. அரிவாள்மனையும் துருவுபலகையும் குழந்தைக் கைக்கு வேண்டாம். மற்றதெல்லாம் அவர்களுடையது.

சனிக்கிழமை பிற்பகல். என் மகள், பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பையன், அஜ்ஜியின் பத்து வயதுப் பேத்தி. கூடத்தில் பழைய பேப்பர் விரித்து, நடுவில் அகலமான எவர்சில்வர் பேசின். சமையல் மேடையில் வேண்டாம், தரையில்தான் வேண்டும்; அப்போதுதான் சின்னவனுக்கும் பெரியவளுக்கும் ஒரே உயரம். அஜ்ஜி வாசற்படியில் நின்றபடியே குரல் கொடுப்பார், ‘எல்லாரூ கை தொள்கொள்ளி!’ மூன்று ஜோடிக் கைகளும் குழாயடிக்கு ஓடும்.

பழம் உரிப்பதைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். பையன் காம்புப் பக்கமாகப் பிடித்து இழுப்பான், நசுங்கும். பேத்தி ஒன்றும் பேசாமல் தன் பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூக்குப் பக்கத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக லேசாகக் கிள்ளுவாள். தோல் இரண்டாகப் பிளந்து நிற்கும். அவன் அதைக் கண் கொட்டாமல் பார்ப்பான். அடுத்த பழம் தலைகீழாகத் திரும்பும். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் நாரை ஒவ்வொன்றாக இழுத்து, பேப்பரில் வரிசையாக அடுக்கி வைப்பான். அதற்கு எத்தனை நேரமானாலும் நான் அவசரப்படுத்துவதில்லை. எவ்வளவு பிரமாதமான கவனம் அது!

வெட்டுவதற்கு வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தி போதும். சதை கெட்டியானாலும் கத்திக்கு வளைந்து கொடுக்கும். என் மகள் ரூபாய் நாணயம் கனத்தில் வில்லை போடுவாள். ஏலக்காய் பேத்தியின் பொறுப்பு. சின்னக் கல் உரலில் தோல் நீக்கிய விதையைப் போட்டு, ஒரு சிட்டிகை வெல்லத்தூளும் சேர்த்து இடிக்கச் சொல்லிக்கொடுத்தது அஜ்ஜி. வெல்லம் கூட இருந்தால் விதை சிதறி ஓடாது, நன்றாக மசியும். இடிக்க இடிக்க வாசனை எழும்பும் பாருங்கள், மாடிப்படியில் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்ப்பார்கள். டப்பாவில் விற்கிற ஏலப்பொடிக்கு இந்தச் சக்தி கிடையவே கிடையாது.

வில்லைகள் பேசினில் விழுந்ததும் எலுமிச்சைச் சொட்டு, உப்பு. அப்புறம் வெல்லத்தூள் தூவி, கரண்டி போடாமல், பேசினை இரண்டு பக்கமும் பிடித்து மெல்லக் குலுக்க வேண்டும். குலுக்கிவிட்டு மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷம்.

மூடியைத் திறக்கிற கணம் இருக்கிறதே, அதற்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். உலர்ந்து கிடந்த வில்லைகளும் பொடியும் இப்போது பொன்னிறச் சாறில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் ஊற்றவில்லை! ‘தண்ணி எங்கிருந்தும்மா வந்துச்சு?’ வாழைப்பழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். வெளியே இனிப்பு அடர்த்தியாக இருந்தால் பழத்தின் உள்ளே இருக்கிற நீர் அதை நோக்கி வெளியே வந்துவிடும். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் சவ்வூடுபரவல் என்று படிக்கப்போவது இதைத்தான். படம் வரைந்து பாகம் குறிக்கிற வயதுக்கு முன்னாலேயே, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, நக்கியும் பார்த்தாயிற்று. எனக்கு இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு தெரியாது.

எலுமிச்சைக்கும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். இரண்டு சின்னத் தட்டு. ஒன்றில் சும்மா வெட்டிய வில்லை, மற்றதில் எலுமிச்சை தடவிய வில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாவது கறுத்துப்போகும், இரண்டாவது வெளுப்பாகவே இருக்கும். பழத்தில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அந்தக் கறுப்பு. புளிப்பு அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. கறுத்த வில்லையும் தின்னலாம், ஒன்றும் செய்யாது. பையன் அதைத்தான் முதலில் எடுத்து வாயில் போட்டான்.

கடைசியில் தேங்காய்த் துருவல், ஏலப்பொடி. பிடித்தால் அரைக்கரண்டி உருக்கிய நெய். ஒரு புரட்டு. உடனே கிண்ணங்களில் போட்டுவிட வேண்டும். ரசாயன காத்திருக்கிற பண்டம் அல்ல, செய்த ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிட வேண்டும். மகள் முதல் கிண்ணத்தை அஜ்ஜியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, ‘பாள சென்னாகிதே கண்ணா’ என்றார்; ரொம்ப நன்றாக இருக்கிறது என்று. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யார் எதைச் சாப்பிட்டாலும் ‘சென்னாகிதே’தான்.

இந்த ருசிக்குத் தமிழ்நாட்டில் இருக்கிற மூத்த சொந்தம் பழனிப் பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். கூடவே பேரீச்சை, கற்கண்டு. இதுவும் பழத்தைக் கொதிக்கவைக்காத, தண்ணீர் சேர்க்காத பண்டம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நாள்பட இருக்கிறது, நம் ரசாயன மாலைக்குள் கெட்டுவிடுகிறதே என்று பேத்தி கேட்டாள். பதில் அந்தப் பேசினிலேயே இருக்கிறது. இனிப்பு மிக அதிகமாகப் போனால் நீரெல்லாம் அதோடு பிணைந்துவிடும். கிருமி பிழைக்கத் தண்ணீர் கிடைக்காது. நம் வெல்லம் மூன்றே கரண்டி. பழனிக்குப் போய்வந்த உறவுக்காரர் டப்பாவில் கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தையும் எங்கள் ரசாயனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தோம். ஒன்று கற்பூரம் மணக்கிற சந்நிதி, மற்றது வீட்டுக் கூடம். எனக்கு இரண்டும் வேண்டும்.

வாழைப்பழத்தோடு நின்றுவிட்டால் இந்த ஊருக்குச் செய்கிற துரோகம். மார்ச், ஏப்ரல் வெயிலுக்குக் கர்பூஜா ரசாயன. நம் ஊர் முலாம்பழம்தான், கிர்ணி என்றும் சொல்வோம். விதையை வழித்து எடுத்துவிட்டு, பிள்ளைகள் கையில் ஒரு தேக்கரண்டியைக் கொடுத்துச் சதையைச் சுரண்டச் சொன்னால் போதும், கத்தியே வேண்டாம். வெல்லம் பட்டதும் இது வாழைப்பழத்தைவிட இரண்டு மடங்கு சாறு விடும். ராமநவமிக்குப் பல வீடுகளில் இதையே பானகமாகவும் குடிப்பார்கள்.

மே வந்தால் மாம்பழம். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! அல்போன்சாவுக்கு இங்கே பாதாமி என்று பேர். ஆனால் பழம் பிழிந்து வெல்லமும் பாலும் ஏலமும் சேர்த்துச் செய்கிற சீகரணெக்கு ரஸ்பூரிதான் ராணி. நாரும் சாறுமாக, அமுக்கினால் விரலிடுக்கில் வழிகிற பழம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகில் மாம்பழப் பருவத்தில் மாநில மாம்பழ வளர்ச்சிக் கழகத்தின் மேளா நடக்கும். கோலார், ராமநகரப் பக்கத்து விவசாயிகள் தோட்டத்துப் பழத்தைத் தாங்களே கொண்டுவந்து விற்பார்கள். ரஸ்பூரி, பாதாமி, மல்லிகா, செந்தூரா, மல்கோவா என்று குவியல் குவியலாக. குழந்தைகளை அங்கே ஒரு முறை கூட்டிப்போய்விடுங்கள். தோட்டக்காரரே ஒரு துண்டு அரிந்து கையில் கொடுத்து, இது எந்த மண், எப்போது பறித்தது என்று சொல்கிறபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சீகரணெ செய்கிற நாளில் பிள்ளைகளுக்குப் பழைய சட்டை மாட்டிவிடுங்கள். பழத்தை முழுசாக உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக்கி, காம்புப் பக்கம் கிள்ளி, பிழிந்து, கொட்டையையும் வழித்து எடுக்க வேண்டும். கொட்டையைச் சப்புகிற உரிமை யாருக்கு என்பது முதலிலேயே பேசி முடிவாக வேண்டும். பால் காய்ச்சி ஆறிய பாலாக இருக்கட்டும். அந்தப் பாலில் அன்னாசியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்கவைத்துவிடும். அன்னாசிக்கு வெல்லமும் உப்பும் போதும்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் சிலதைக் கவனிக்க வேண்டும். திராட்சை சேர்ப்பதானால் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் சேர்க்க வேண்டும். முழுசாகப் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முந்திரி, பாதாமைப் பொடித்துத் தூவலாம், முழுசாக வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. வெல்லமும் இனிப்புதான் என்பதால் பழம் நன்றாகப் பழுத்திருக்கிற நாளில் நான் பாதியாகக் குறைத்துவிடுவேன். அப்போது பழத்தின் ருசி இன்னும் எடுப்பாக நிற்கிறது.

இப்போது எங்கள் குடியிருப்பில் பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்குக்கூட இது வந்துவிட்டது. கேக் ஒரு பக்கம் இருக்கட்டும், பேசினும் பழமும் தரையில் இறங்கியதும் அத்தனை பிள்ளைகளும் அங்கேதான். தமிழ், கன்னடம், இந்தி, மலையாளம் என்று வீட்டுக்கு ஒரு பேச்சு. உரிக்கிறவர், வெட்டுகிறவர், இடிக்கிறவர் என்று தாங்களாகவே பிரிந்துகொள்கிறார்கள். போன பிறந்தநாளில் மகள் தலைமைச் சமையல்காரி. நான்கு வயதுக்காரன் இப்போது ஐந்து. தனக்கும் பதவி உயர்வு வேண்டும் என்று அவனே கேட்டு, குழவியிலிருந்து மொட்டைக் கத்திக்கு மாறியிருக்கிறான். அடுத்து பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்துப் பார்க்க வேண்டுமாம். ஜூனில் லால்பாகில் பலாவும் வரும். எண்ணெய் தடவிய கையோடு நான் தயாராக இருக்கிறேன்.